‘அர்பன் லெஜண்ட்’ (1998): ‘ஸ்கிரீம்’ காப்பி என்று ஒதுக்கிய படத்தில் என்ன இருக்கிறது?

2025 ஜூலையில் ‘ஐ நோ வாட் யூ டிட் லாஸ்ட் சம்மர்’ புதுப்பிக்கப்பட்டுத் திரையரங்குக்கு வந்ததிலிருந்து, தொண்ணூறுகளின் ஹாலிவுட் டீன் ஸ்லாஷர் படங்களை மறுபடி தோண்டிப் பார்ப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். நாலைந்து படத்தை அடுத்தடுத்துப் பார்த்தவர்களுக்கு வரும் குழப்பம் ஒன்றுதான்: எல்லாவற்றிலும் அழகான கல்லூரிப் பிள்ளைகள், முகம் தெரியாத ஒரு கொலைகாரன், கடைசியில் முகமூடி கழன்றதும் பத்து நிமிடப் பிளாஷ்பேக். இதில் எது அசல், எது காப்பி?

அந்த வரிசையில் “காப்பி” என்ற முத்திரை அழுத்தமாகக் குத்தப்பட்ட படம் ‘அர்பன் லெஜண்ட்’. முத்திரை பாதி நியாயம். மீதிப் பாதியில் இந்தப் படம் வேறு எதையோ செய்கிறது, அதை அன்றைக்குப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. கொலையாளி யார் என்பது உட்பட எல்லாமே கீழே வரும், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

முதலில் இரண்டு சொற்கள்

1. ஸ்லாஷர். பேய்ப்படம் வேறு, இது வேறு. கத்தி, கோடரி, கொக்கி என்று கூர்மையான ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் (அல்லது கிட்டத்தட்ட மனிதர்) ஒரு கூட்டத்தை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டும் படம். 1978ல் ‘ஹாலோவீன்’ இதை லாபகரமான சூத்திரமாக்கியது, 1980ல் ‘ஃபிரைடே தி தர்ட்டீன்த்’ அந்தச் சூத்திரத்தைத் தொழிற்சாலையாக்கியது. எண்பதுகளின் முடிவில் சரக்கு தீர்ந்துபோய், பார்ட் ஏழு, பார்ட் எட்டு என்று இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

2. அர்பன் லெஜண்ட். “நகர்ப்புறத் தொன்மம்” என்று மொழிபெயர்க்கலாம், ஆனால் அது பாடப்புத்தக வாடை அடிக்கும். உண்மையில் இது புரளிக்கும் கதைக்கும் நடுவில் இருக்கிற ஒரு சாதி. வெறும் புரளிக்கு ஆரம்பமும் முடிவும் இருக்காது, “அங்கே தண்ணீரில் விஷமாம்” என்பதோடு நின்றுவிடும். அர்பன் லெஜண்டுக்கு ஒரு ஆள், ஒரு இரவு, ஒரு திருப்பம், முதுகுத்தண்டு சில்லிடுகிற ஒரு கடைசி வரி எல்லாம் உண்டு. முக்கியமான அடையாளம், சொல்பவருக்கு அது நடந்திருக்காது. எப்போதுமே “என் ஃப்ரெண்டோட ஃப்ரெண்டுக்கு” நடந்ததுதான். ஆங்கிலத்தில் இதற்கென்றே ‘ஃபோஃப்’ என்று ஒரு சுருக்கப் பெயர் உண்டு, ரோட்னி டேல் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் 1978ல் வைத்தது. யூட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ஹெரால்ட் புரூன்வாண்ட் 1981ல் ‘தி வானிஷிங் ஹிட்ச்ஹைக்கர்’ என்ற தொகுப்பைக் கொண்டுவந்த பிறகுதான் ‘அர்பன் லெஜண்ட்’ என்ற சொல்லே அமெரிக்காவில் பொதுப் புழக்கத்துக்கு வந்தது.

படத்தில் ராபர்ட் எங்லண்ட் நடிக்கும் பேராசிரியர் வெக்ஸ்லர் நடத்துகிற பாடமும் இதுதான்.

காப்பி என்ற குற்றச்சாட்டு எங்கிருந்து வந்தது?

தேதிகளைப் பார்த்தாலே புரிந்துவிடும். 1996 டிசம்பரில், ஓய்ந்துபோயிருந்த ஸ்லாஷரை மறுபடி உயிர்ப்பித்த ‘ஸ்கிரீம்’. 1997 அக்டோபரில் ‘ஐ நோ வாட் யூ டிட் லாஸ்ட் சம்மர்’. 1998 ஆகஸ்டில் ‘ஹாலோவீன் எச்20’, செப்டம்பர் 25ல் ‘அர்பன் லெஜண்ட்’, நவம்பரில் ‘லாஸ்ட் சம்மர்’ இரண்டாம் பாகம். நாலே மாதத்துக்குள் மூன்று ஸ்லாஷர், மூன்றிலும் டிவி தொடர்களில் பார்த்துப் பழகிய முகங்கள். விமர்சகர்கள் அலுத்துப்போனதில் ஆச்சரியமில்லை.

போதாக்குறைக்கு, ‘லாஸ்ட் சம்மர்’ படத்தைத் தயாரித்தவர்களில் ஒருவரான நீல் மோரிட்ஸ் இதிலும் தயாரிப்பாளர். இயக்குநர் ஜேமி பிளாங்க்ஸ் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த புதுமுகம். அவர் இந்த வாய்ப்பைப் பிடித்த கதையே சுவாரசியமானது. ‘லாஸ்ட் சம்மர்’ படத்தை இயக்கும் ஆசையில் அதற்கு ஒரு மாதிரி டிரெய்லரைத் தானே எடுத்துத் தயாரிப்பாளர்களிடம் கொடுத்தார், அதற்குள் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது, ஆனால் டிரெய்லர் பிடித்துப்போனதால் அடுத்த படத்துக்கு அவரைக் கூப்பிட்டார்கள். இயக்குநர் வந்த வழியே பக்கத்துப் படத்தின் வாசல் வழியாகத்தான் என்னும்போது, ஒட்டு உறவே இல்லை என்று சாதிக்க முடியாது.

கதையிலும் ஒற்றுமை உண்டு. ஒரு சாலை விபத்து, அது தந்த குற்ற உணர்வு, பழிவாங்கல் என்ற முடிச்சு இரண்டிலும் இருக்கிறது. ஆனால் ‘லாஸ்ட் சம்மர்’ எடுத்துக்கொண்டது ஒரே ஒரு நாட்டுப்புறக் கதையை. காரில் தனியாக இருக்கும் ஜோடி, கை இருக்க வேண்டிய இடத்தில் கொக்கி வைத்த ஆள் என்ற அந்தக் கதை 1960 நவம்பரில் ‘டியர் ஆபி’ என்ற பத்திரிகை ஆலோசனைப் பத்தியில் அச்சேறும் அளவுக்கு அமெரிக்காவில் பழசு. ‘அர்பன் லெஜண்ட்’ எழுதிய சில்வியோ ஹோர்ட்டா கேட்ட கேள்வி கொஞ்சம் பெரியது: ஒரு கதை எதற்கு, எல்லாக் கதையையும் ஒரே கொலையாளி வரிசையாகச் செய்துகாட்டினால் என்ன ஆகும்? (இதே ஹோர்ட்டாதான் பிற்பாடு ‘அக்லி பெட்டி’ என்ற கலகலப்பான டிவி தொடரை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர். 2020ல் காலமாகிவிட்டார்.)

பெட்ரோல் பங்க் காட்சி: படத்தின் மொத்தக் கணக்கும் இங்கேதான்

மழை கொட்டும் இரவு. மிஷேல் என்ற கல்லூரி மாணவி தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வருகிறாள். ரேடியோவில் ‘டோட்டல் எக்லிப்ஸ் ஆஃப் த ஹார்ட்’ பாட்டு, இவளும் கூடவே கத்திப் பாடுகிறாள். அந்தப் பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சொல் “டர்ன் அரவுண்ட்”, அதாவது திரும்பிப் பார். பின் சீட்டில் யார் இருக்கிறார் என்பது நமக்கு இன்னும் தெரியாது. இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் இந்தக் குசும்பு உறைக்கும்.

பெட்ரோல் தீரப்போகிறது. ஆளரவம் இல்லாத பங்கில் நிறுத்துகிறாள். அங்கே வேலை பார்ப்பவர் பிராட் டூரிஃப், பார்த்த மாத்திரத்தில் ஆகாத முகம், பேச்சும் திக்குகிறது. கிரெடிட் கார்டில் ஏதோ பிரச்சினை, கம்பெனிக்காரர்கள் போனில் இருக்கிறார்கள், உள்ளே வாருங்கள் என்கிறார். உள்ளே போய்ப் போனை எடுத்தால் மறுமுனையில் யாருமில்லை. பொய் சொல்லி வரவழைத்திருக்கிறான் என்று பயந்து, பெப்பர் ஸ்பிரே அடித்துவிட்டு, தப்பித்து ஓடிக் காரை எடுத்துக்கொண்டு பறக்கிறாள். அவர் மழையில் நின்று திக்கித் திக்கி, கடைசியில் ஒருவழியாகக் கத்துகிறார்: பின் சீட்டில் ஆள் இருக்கிறான்!

கார் போய்விட்டது. கோடரி எழுகிறது.

இது பல பத்தாண்டுகளாக அமெரிக்காவில் சொல்லப்பட்டுவரும் கதை, அங்கே வளர்ந்தவர்களில் பலர் பள்ளி வயதிலேயே கேட்டிருப்பார்கள். ஆனால் வாய்வழிக் கதையில் அந்தப் பெண் பிழைத்துக்கொள்வாள், பங்க்காரர் நல்லவர் என்பதுதான் திருப்பம். படம் அந்தத் திருப்பத்தை வைத்துக்கொண்டு பிழைப்பை மட்டும் எடுத்துவிட்டது. அவளைக் கொன்றது கோடரிதான், ஆனால் கோடரிக்கு வழிவிட்டது “இப்படிப்பட்ட ராத்திரியில், இப்படிப்பட்ட ஆள் ஆபத்தானவன்” என்று அவள் தலையில் முன்பே குடியிருந்த இன்னொரு கதை. தெரிந்த கதையே கண்ணை மறைக்கிறது என்பதுதான் படம் முழுக்க ஓடும் தர்க்கம். ‘ஸ்கிரீம்’ இதற்கு நேர் எதிர். அதில் ஸ்லாஷர் பட விதிகளைத் தெரிந்துவைத்திருப்பது உயிர் பிழைக்க உதவும் என்ற நம்பிக்கையாவது இருக்கும். இங்கே கதை தெரிந்தவர்கள்தான் முதலில் சாகிறார்கள்.

அந்தத் தர்க்கம் எப்படி வேலை செய்கிறது?

1. டேமன். நாயகி நேட்டலியைக் காட்டுக்குள் காரில் கூட்டிப்போய் வழிகிறான், அவள் திட்டியதும் இறங்கிப் போகிறான், திரும்பி வரவில்லை. கார்க் கூரையில் ஏதோ உரசும் சத்தம். மேலே தூக்கில் தொங்குபவனின் காலணி அது. “காதலனின் மரணம்” என்று பெயரிடப்பட்ட இந்தக் கதையை நாட்டார் வழக்காற்றியல்காரர்கள் 1964லேயே கான்சாஸ் பல்கலைக்கழக மாணவர்களிடம் கேட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள். படத்தில் இதற்கப்புறம் நடப்பதுதான் முக்கியம். நேட்டலி ஓடிப்போய்ச் சொல்கிறாள், வந்து பார்த்தால் உடல் இல்லை. டேமன் பேர்போன குறும்புக்காரன், இவள் சொல்வதும் ஊரறிந்த பழைய கதை. யாரும் நம்பவில்லை. நடந்த கொலையைப் புரளி போல அமைத்துவிட்டால் சாட்சி தானாகவே பொய்யாகிவிடும், கொலையாளிக்கு இதைவிட நல்ல மறைப்பு கிடையாது.

2. டாஷ். நேட்டலியின் ரூம்மேட். அறையில் ஆண் நண்பரோடு இருக்கும்போது லைட்டைப் போட்டுவிட்டாய் என்று முன்பே ஒருமுறை எரிந்து விழுந்திருக்கிறாள். அடுத்த முறை இருட்டில் சத்தம் கேட்கும்போது நேட்டலி நாகரிகமாக, லைட்டைத் தொடாமல், காதை அடைத்துக்கொண்டு படுத்துவிடுகிறாள். காலையில் சுவரில் ரத்தத்தில் ஒரு வரி: லைட்டைப் போடாதது நல்லதாகப் போயிற்று, இல்லையா? என்னைக் கேட்டால் படத்தின் ஆகச் சிறந்த காட்சி இதுதான், ஒரு சொட்டு ரத்தம் காட்டாமலே ஐந்து நிமிடம் பதற வைக்கிறார் பிளாங்க்ஸ், அதிலும் கொலை நடக்கும் அதே அறையில் நாயகி அதைக் கேட்டபடியே படுத்திருப்பது வேறு எந்தத் தொண்ணூறுகளின் ஸ்லாஷரிலும் இல்லாத கொடூரம். கல்லூரி நிர்வாகம் இதைத் தற்கொலை என்று முடித்துவிடுகிறது.

3. பார்க்கர். மிரட்டல் போன் வருகிறது. “இது எந்தக் கதை என்று எனக்குத் தெரியும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த பெண்ணுக்குப் போன் வரும் கதைதானே” என்று நக்கலடிக்கிறான். மறுமுனை இல்லை என்கிறது, இது ஈர நாயை மைக்ரோவேவில் உலர்த்திய கிழவியின் கதை. கதை தெரிந்தவனின் திமிரை இப்படி ஒரே வரியில் உடைப்பது நல்ல எழுத்து. (நாயின் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.)

4. சாஷா. கல்லூரி ரேடியோ தொகுப்பாளினி. ஒலிபரப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே தாக்கப்படுகிறாள், அலறல் நேரலையில் போகிறது. பழைய விடுதிப் படுகொலை ஒன்றின் ஆண்டு நிறைவைக் கொண்டாடும் பார்ட்டியில் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் இதை விளையாட்டு என்று நினைக்கிறார்கள்.

கல்லூரியின் டீனும் சாகிறார், பார்க்கிங்கில் காருக்கு அடியில் பதுங்கியிருப்பவன் கதைப்படி. அது சுமாரான காட்சி.

ஹெட்லைட் கதை: புரளி உண்மையாகும் இடம்

இனி முடிச்சு. கொலையாளி நேட்டலியின் தோழி பிரெண்டா. காரணம், சில ஆண்டுகளுக்கு முன் நேட்டலியும் மிஷேலும் இரவில் ஹெட்லைட்டை அணைத்துவிட்டுக் கார் ஓட்டி, எதிரே வந்து லைட் அடித்துக் காட்டியவரை விளையாட்டாகத் துரத்தினார்கள். அவர் விபத்தில் இறந்துபோனார். அவர் பிரெண்டாவுக்கு நிச்சயிக்கப்பட்டவர்.

இதன் பின்னணி தெரியாவிட்டால் இது ஏதோ எழுத்தாளரின் கற்பனை என்று கடந்துவிடுவோம். 1993 ஆகஸ்ட், செப்டம்பரில் அமெரிக்க அலுவலகங்களின் ஃபேக்ஸ் இயந்திரங்களில் ஒரு எச்சரிக்கை சுற்றியது. ரவுடிக் கும்பல்கள் புது ஆட்களைச் சேர்க்க ஒரு சடங்கு வைத்திருக்கின்றன, ஹெட்லைட் இல்லாமல் காரில் வருவார்கள், நல்லெண்ணத்தில் யார் லைட் அடித்துக் காட்டுகிறார்களோ அவரைத் துரத்திக் கொல்ல வேண்டும், அந்தச் சடங்கு செப்டம்பர் 25, 26 வார இறுதியில் நடக்கப்போகிறது. வாட்ஸ்அப் ஃபார்வர்டின் தாத்தா என்று வைத்துக்கொள்ளலாம். காவல் துறைகள் மறுத்துச் சொல்லியும் ஓயவில்லை. குறித்த வார இறுதி வந்தது, போனது, ஒன்றும் நடக்கவில்லை. படம் வெளியானது ஐந்து ஆண்டு கழித்து அதே செப்டம்பர் 25ல், தற்செயலாகத்தான் இருக்க வேண்டும்.

ஆக, படத்தின் ஆதிக்குற்றமே ஒரு புரளியை விளையாட்டாகச் செய்து பார்த்ததுதான். நடக்காத ஒன்றை இரண்டு பெண்கள் நடத்திக்காட்டினார்கள், ஒரு உயிர் போனது. அதற்குத் தண்டனையாக பிரெண்டா மற்ற எல்லாப் புரளிகளையும் நடத்திக்காட்டுகிறாள். பழிவாங்கும் முறை கச்சிதமாகக் குற்றத்தோடு பொருந்துகிறது. ‘ஸ்கிரீம்’ கொலையாளிகளின் காரணங்களைவிட இது கதையோடு ஒட்டியிருக்கிறது என்பது என் கட்சி.

மற்ற கதைகளும் எங்கிருந்தோ வந்தவைதான்

கிளைமாக்ஸில் நேட்டலியைக் கட்டிப்போட்டு பிரெண்டா செய்யப் பார்ப்பது கிட்னி திருட்டு. ஹோட்டலில் மயங்கி, ஐஸ் நிரப்பிய தொட்டியில் கண்விழிப்பவர் கதை. இது 1997 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸ் பெயரோடு மின்னஞ்சலில் பரவி, அந்த நகரக் காவல் துறை “இப்படி ஒரு சம்பவமும் நடக்கவில்லை” என்று அதிகாரபூர்வமாக அறிவிக்க வேண்டிய அளவுக்குப் போயிற்று. படம் பார்க்க வந்தவர்களில் பலருடைய இன்பாக்ஸில் அந்தக் கடிதம் அப்போதும் கிடந்திருக்கும்.

வெக்ஸ்லர் வகுப்பில் வரும் பாப் ராக்ஸ் விவகாரமும் அப்படித்தான். வாயில் போட்டால் படபடவென்று வெடிக்கும் இந்த மிட்டாயோடு கோலா குடித்தால் வயிறு வெடித்துச் சாவோம், ஒரு விளம்பரத்தில் நடித்த ‘மைக்கி’ என்ற பையன் அப்படித்தான் செத்தான் என்று எழுபதுகளின் பிற்பகுதியில் பேச்சு. தயாரித்த ஜெனரல் ஃபுட்ஸ் கம்பெனி 1979ல் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, மிட்டாயில் இருப்பது கொஞ்சூண்டு கார்பன் டை ஆக்சைடுதான் என்று விளக்க வேண்டியிருந்தது. மைக்கியாக நடித்தவர் நலமாகவே இருந்தார். படத்தில் டேமன் வகுப்பில் அதைச் சாப்பிட்டுவிட்டு விழுந்து துடிப்பது போல நடித்துச் சிரிப்பை அள்ளுகிறான். பிற்பாடு அதே மிட்டாய் பார்க்கரின் வாயில் திணிக்கப்படுகிறது, இம்முறை கோலாவுக்குப் பதில் குழாய் அடைப்பு நீக்கும் ரசாயனத்தோடு. புரளியில் விஷம் இல்லை, அதை நிஜமாக்க நினைப்பவர்தான் விஷத்தைச் சேர்க்கிறார்.

நடிகர் தேர்வும் ஒரு பொறிதான்

எங்லண்ட் எண்பதுகளின் ஃபிரெட்டி க்ரூகர், ‘எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்’ படங்களின் கொலைகாரன். டூரிஃப் கொலைகார பொம்மை சக்கிக்குக் குரல் கொடுத்தவர். டாஷாக வரும் டேனியல் ஹாரிஸ் ‘ஹாலோவீன்’ நான்காம், ஐந்தாம் பாகங்களில் துரத்தப்பட்ட சிறுமி. மூன்று பேரைப் பார்த்ததும் திகில் ரசிகர் மனதில் ஒரு தீர்ப்பு ஓடும்: முதல் இரண்டு பேரும் கெட்டவர்கள், அந்தப் பெண் பிழைப்பாள். மூன்றும் தப்பு. மிஷேல் பங்க்காரரைப் பார்த்துச் செய்த அதே பிழையை நாமும் செய்கிறோம். பிரெண்டாவின் முழுப் பெயர் பிரெண்டா பேட்ஸ் என்று ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ படத்துக் கொலையாளி நார்மன் பேட்ஸை நினைவூட்டிப் பட்டவர்த்தனமாகவே வைத்திருக்கிறார்கள், ஆனால் விளம்பரங்களில் பார்த்த ரெபெக்கா கேஹார்ட்டின் சிரித்த முகத்தை யாரும் சந்தேகிக்கவில்லை.

குறைகள் இல்லாமலா?

இருக்கிறது, நிறையவே. ஒல்லியான பிரெண்டா ஒரு வாட்டசாட்டமான ஆளை மரத்தில் தூக்கில் ஏற்றியது எப்படி என்று கேட்கக் கூடாது. ஒரே இரவில் எத்தனை இடத்தில் இருந்தாள் என்று கணக்குப் போடக் கூடாது. விபத்தோடு சம்பந்தமே இல்லாத டாஷும் சாஷாவும் ஏன் சாக வேண்டும் என்பதற்குப் படத்தில் உருப்படியான பதில் இல்லை. விடுதிப் படுகொலைக் கிளைக்கதை நம்மைத் திசைதிருப்ப மட்டுமே வந்துபோகிறது. வாய்வழிக் கதையும் பயமும் எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்பதை 1992ல் வந்த ‘கேண்டிமேன்’ இதைவிட ஆழமாக, சிகாகோவின் இனப் பிரிவினையையும் சேர்த்துப் பேசிவிட்டது. அந்தப் படம் பக்கத்தில் வந்தால் இது விளையாட்டுப் பிள்ளைதான்.

ஆனால் படமாக்கம் மலிவாக இல்லை. டொரன்டோவின் பழைய கல்லூரிக் கட்டடங்கள், விடாத மழை, ‘ஹெல்ரைசர்’ இசையமைத்த கிறிஸ்டோபர் யங்கின் கனமான பின்னணி இசை எல்லாம் சேர்ந்து ‘ஸ்கிரீம்’ வெளிச்சத்துக்கு நேர்மாறான ஓர் இருட்டைக் கொடுக்கின்றன. கொலையாளிக்கு முகமூடி கூட இல்லை, குளிர்காலத்தில் எல்லோரும் போடுகிற தலைமூடி வைத்த ஜாக்கெட்தான்.

பணம் வந்தது, மரியாதை வரவில்லை

சுமார் 1.4 கோடி டாலரில் எடுத்து உலகம் முழுக்க 7 கோடிக்கு மேல் சம்பாதித்த படம் இது. அதனால் தோல்வி என்று சொல்ல முடியாது. அப்புறம் ஏன் மறைந்தது?

1. 1999 ஏப்ரலில் கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச் சூடு நடந்தது. பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளைக் கொல்லும் படங்கள் மீது ஸ்டூடியோக்களுக்கே தயக்கம் வந்தது.

2. 2000 ஜூலையில் ‘ஸ்கேரி மூவி’ வந்து மொத்த வகையையும் கிண்டலாக்கிவிட்டது.

3. இதன் இரண்டாம் பாகம் (2000) முதல் பாகத்தின் தர்க்கத்தையே விட்டுவிட்டுத் திரைப்படக் கல்லூரிக்குப் போனது, மூன்றாவது (2005) பேய்ப்படமாகி நேராக டிவிடிக்குப் போனது. தொடரின் பெயர் கெட்டதும் முதல் படமும் சேர்ந்து கெட்டது.

கடைசிக் காட்சியை மட்டும் தவறவிட வேண்டாம். அதற்கு முன் நேட்டலியும் கல்லூரிப் பத்திரிகை நிருபர் பாலும் (Paul) காரில் தப்பிக்கும்போது பின் சீட்டிலிருந்து கோடரியோடு எழுந்தவள் பிரெண்டா, ஆரம்பித்த கதைக்கே படம் திரும்பி வந்துவிட்டது. கார் பாலத்தில் மோதி, முன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு அவள் ஆற்றில் விழுகிறாள். பிறகு வேறொரு கல்லூரி, வேறு மாணவர்கள், நாம் இத்தனை நேரம் பார்த்த சம்பவங்களை ஒருவன் கதையாகச் சொல்லி முடிக்கிறான், மற்றவர்கள் சும்மா கதை விடாதே என்கிறார்கள். கூட்டத்தில் ஒரு பெண் மட்டும் தான் நம்புவதாகச் சொல்கிறாள். ஆனால் நீ சொன்னது தப்பு என்கிறாள் பிரெண்டா, நடந்தது எப்படி என்று நான் சொல்கிறேன்.